பெரிதாவது வேறு, தெரிவது வேறு

(பறவை நோக்குவோரும் ஒளிப்பட ஆர்வலர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்த நண்பர் தலைப்பு எதுவும் தரவில்லை. கேள்வி ஒன்றைத்தான் தந்தார். "சார், பறவை எடுக்க ஒரு கேமரா வாங்கணும். லென்ஸ் மாற்றுகிற கேமரா நமக்குக் கட்டுப்படியாகாது, பிரிட்ஜ் கேமராதான். கடையில் ஒன்றை 60 எக்ஸ் என்கிறார்கள், இன்னொன்றை 125 எக்ஸ் என்கிறார்கள். அதில் டிஜிட்டல் ஜூமையும் சேர்த்தால் 500 எக்ஸ் வரை போகுமாம். எதை எடுக்கட்டும்?"

தொலைபேசியிலேயே ஏதாவது ஒன்றைச் சொல்லி முடித்திருக்கலாம். நான் வாய் திறக்கவில்லை. அவர் சொன்ன மூன்று எண்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதுதான் காரணம். ஏன் முடியாது என்பதைச் சொல்லவே இந்த ஒரு மணி நேரம். பதிலை முடிவில் சொல்கிறேன். நண்பர் முன்வரிசையில்தான் இருக்கிறார். அதுவரை கடைக்குப் போகமாட்டார் என்று நம்புகிறேன்.

கழுத்தில் தொங்கும் இரண்டு எண்கள்

உங்களில் பலரின் கழுத்தில் இருநோக்கி தொங்குகிறது. அதில் 8×42 என்று பொறித்திருக்கும். எட்டு என்பது கொக்கு உங்கள் கண்ணுக்கு எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும் என்ற செய்தி. 42 என்பது முன்னால் உள்ள கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இருநோக்கி செய்பவர்கள் நியாயமானவர்கள். எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்பதோடு, வெளிச்சம் நுழைய எவ்வளவு அகலமான வாசல் வைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். கேமராப் பெட்டியில் இரண்டாவது எண் கொட்டை எழுத்தில் வருவதில்லை. முதலாவது மட்டும் வருகிறது. அதுவும் இந்த எட்டைப் போன்ற எண் கிடையாது.

கேமராவில் 'எக்ஸ்' என்பது வெறும் வகுத்தல். லென்ஸ் எட்டும் மிக நீண்ட குவியத் தூரத்தை, அது தொடங்கும் மிகக் குறுகிய குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது. பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்குக்கு மாற்றிச் சொல்வது வழக்கம். நானும் அப்படியே சொல்கிறேன். நிக்கான் கூல்பிக்ஸ் பி1000 கேமரா 24இல் தொடங்கி 3000 மி.மீ. வரை நீள்கிறது. 3000ஐ 24ஆல் வகுத்தால் 125. அவ்வளவுதான் 125 எக்ஸ்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2012இல் கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்50 வந்தது. 24 முதல் 1200 வரை, 50 எக்ஸ். 2017இல் பானாசோனிக் லூமிக்ஸ் எஃப்இசட்80 வந்தது. 20 முதல் 1200 வரை, 60 எக்ஸ். பத்து எக்ஸ் கூடிவிட்டதே, பறவை இன்னும் கிட்டே வருமா? வராது. இரண்டும் முடிவது அதே 1200இல்தான். கூடிய பத்தும் மறுமுனையில், ராஜகோபுரத்தை முழுதாகச் சட்டத்துக்குள் அடக்குகிற பக்கத்தில் கூடியது. கொக்கின் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட நீளவில்லை.

அப்படியானால் இருநோக்கியின் எட்டோடு எதை ஒப்பிடுவது? சாதாரணப் பார்வைக்கு 50 மி.மீ. லென்ஸ் என்பது ஃபிலிம் காலத்து வழக்கம். 1200ஐ 50ஆல் வகுத்தால் 24. 3000ஐ வகுத்தால் 60. அதாவது 60 எக்ஸ் என்று விற்பது இருநோக்கி பாஷையில் 24. 125 எக்ஸ் என்று விற்பது 60. முதல் பாடம் இதுதான்: எக்ஸைப் பார்க்காதீர்கள், நீளும் முனையின் மில்லிமீட்டரைப் பாருங்கள்.

சின்ன சென்சார், நீண்ட கை

3000 மி.மீ. என்றால் மூன்று மீட்டர். மூன்று மீட்டர் லென்ஸை எப்படித் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நடக்க முடிகிறது? பி1000இன் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைப் படித்தால் ரகசியம் தெரியும். 4.3 முதல் 539 மி.மீ. என்று அங்கே அச்சிட்டிருக்கிறது. உண்மையான குவியத் தூரம் அதுதான். உள்ளேயிருக்கும் சென்சார் ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. முழு அளவு ஃபிலிம் சட்டத்தின் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. லென்ஸ் விரிக்கும் காட்சியின் நடுவில் அந்தச் சின்னத் துண்டை மட்டும் அது பிடிப்பதால், 539 மி.மீ. லென்ஸ் 3000 மி.மீ. லென்ஸ் போலக் குறுகலான காட்சியைத் தருகிறது.

முழு அளவு சென்சாருக்கு, பி1000இன் நீள்முனையில் உள்ள அதே எஃப்/8 துளையோடு நிஜமாகவே 3000 மி.மீ. லென்ஸ் செய்தால், வெளிச்சம் புகும் வாய் 375 மி.மீ. அகலம் வேண்டும். கல்யாணச் சமையலில் அண்டா தூக்குகிற ஆட்கள் இருவர் கூட வந்தால்தான் வேடந்தாங்கலுக்குக் கொண்டுபோக முடியும்.

நிலைப்படக் கேமராவுக்கு விற்பனைக்கு வந்த முதல் ஜூம் லென்ஸ், 1959இல் வந்த ஃபோக்ட்லாண்டர் ஜூமார். 36 முதல் 82 மி.மீ. வரை. இன்றைய கணக்கில் அது வெறும் 2.3 எக்ஸ்! அங்கிருந்து 2012இல் 50, 2014இல் கேனான் எஸ்எக்ஸ்60 வழியாக 65, 2015இல் நிக்கான் பி900 வழியாக 83, 2018இல் பி1000 வழியாக 125. அந்தக் கடைசிப் பாய்ச்சலுக்குக் கொடுத்த விலையை எடையில் பார்க்கலாம். பி900 சுமார் 900 கிராம். பி1000 1,400 கிராமுக்கு மேல். கழுத்தில் மாட்டினால் மறுநாள் தைலம் தேட வேண்டியிருக்கும்.

இதுவரை சொன்னது ஆப்டிகல் ஜூம். கண்ணாடிகள் உள்ளே முன்னும் பின்னும் நகர்கின்றன; பறவையின் பிம்பமே சென்சார் மேல் பெரிதாக விழுகிறது. முன்பு நூறு புள்ளிகளில் அடங்கிய கண் இப்போது ஆயிரம் புள்ளிகளில் பரவுகிறது. ஒவ்வொரு புள்ளியும் பறவையிலிருந்து வந்த வெளிச்சத்தைத் தானே வாங்குகிறது.

ஊடுபுள்ளி வைக்கும் இயந்திரம்

கண்ணாடி நகர்ந்து முடித்ததும் பொத்தானை இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தால் டிஜிட்டல் ஜூம் தொடங்குகிறது. அங்கே கண்ணாடி எதுவும் அசைவதில்லை. பிம்பம் பழைய அளவிலேயே இருக்கிறது. கேமரா அதன் நடுப்பகுதியை வெட்டியெடுத்து, பழைய சட்டத்துக்குப் பொருந்தும்படி இழுத்துப் பெரிதாக்குகிறது.

இதை விளக்க எனக்குக் கோலத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. மார்கழியில் வாசலில் புள்ளி வைப்பவர்களுக்கு நேர்ப்புள்ளி தெரியும், ஊடுபுள்ளி தெரியும். முதல் வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசையை வைப்பது ஊடுபுள்ளி. பி1000இன் சென்சாரில் ஏறத்தாழ 1.6 கோடிப் புள்ளிகள். டிஜிட்டல் ஜூமில் இரண்டு மடங்கு போனால், நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி. மிஞ்சுவது 40 லட்சம். நான்கு மடங்கு போனால் 10 லட்சம். ஆனால் கேமரா தரும் படத்தில் அப்போதும் 1.6 கோடி இருக்கும். மிச்சப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன? எல்லாம் ஊடுபுள்ளி. இந்தப் பக்கம் கறுப்பு, அந்தப் பக்கம் வெள்ளை, ஆகவே நடுவில் சாம்பல் என்று பக்கத்துப் புள்ளிகளைக் கேட்டுக் கேமரா நிரப்பியது. கோலத்தில் ஊடுபுள்ளி வைப்பவருக்கு வரப்போகும் கோலம் மனதில் இருக்கிறது. கேமராவுக்குப் பறவை மனதில் இல்லை.

பி1000இன் 500 எக்ஸ் இப்படித்தான் பிறக்கிறது. கண்ணாடி தருவது 125, வெட்டி இழுப்பது நான்கு மடங்கு. 12,000 மி.மீ.க்கு இணையான காட்சி. பி900இல் இதே கணக்கு 8,000 மி.மீ. வரை போகிறது.

இடையில் இன்னொரு படியும் உண்டு. நிக்கான் அதை டைனமிக் ஃபைன் ஜூம் என்கிறது. பி1000இல் 250 எக்ஸ். கேனானில் ஜூம்பிளஸ், சோனியில் கிளியர் இமேஜ் ஜூம், பானாசோனிக்கில் இன்டெலிஜென்ட் ஜூம். பெயர்கள் கம்பீரமானவை. செய்வதோ அதே வெட்டி இழுக்கும் வேலைதான். இரண்டு மடங்கு வரை, விளிம்புகளைச் சற்று அறிவோடு கூர்மையாக்கிக்கொண்டு. நிக்கான் திரையில் ஜூம் பட்டையைக் கவனியுங்கள். இந்த இடைப்படியில் நீலமாக இருக்கும், அதைத் தாண்டினால் மஞ்சளாகும். நீலத்தில் தரக்குறைவு கண்ணில் படும்படி இருக்காது, மஞ்சளில் படக்கூடும் என்று உற்பத்தியாளரே ஒப்புக்கொள்ளும் எல்லைக்கோடு அது. போக்குவரத்து விளக்கின் மஞ்சளைப் போலவே இதையும் நாம் வேகத்தைக் கூட்டச் சொல்லும் குறிப்பாக எடுத்துக்கொள்கிறோம்.

அப்பாயியின் மூக்குத்தி

ஒரு வீட்டுக் கதை. என் அப்பாயி இறந்தபோது அவருடைய படம் என்று தனியாக ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படத்தில் மூன்றாவது வரிசையில் நின்றிருந்தார். முகம் துவரம்பருப்பு அளவு. அதை ஊரிலிருந்த ஸ்டூடியோவில் கொடுத்து, மாட்டுவதற்குப் பெரிதாக்கித் தரச் சொன்னார் அப்பா. ஸ்டூடியோக்காரர் கைகாரர். பெரிதாக்கியதும் கலங்கிப்போன முகத்தில் தூரிகையால் புருவம் எழுதினார், கண்ணுக்குப் பாவை வைத்தார், நரைத்த தலையை வகிடெடுத்துச் சீவினார். படம் வந்தது. வீடே வியந்தது. அத்தை மட்டும் கிட்டப்போய் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மாவுக்கு மூக்கே குத்தலையேடா."

படத்தில் அப்பாயி மூக்குத்தி போட்டிருந்தார். பழைய படத்தில் மூக்கருகே ஒரு தூசிப் புள்ளி. பெண்பிள்ளை, அந்தக் காலம், மூக்கில் வெளுத்த புள்ளி. மூக்குத்தியாகத்தான் இருக்கும் என்று ஸ்டூடியோக்காரர் நியாயமாகவே ஊகித்தார். வைரம் மின்னுவதுபோல் ஒரு பொட்டும் வைத்துவிட்டார்.

டிஜிட்டல் ஜூமும் அதற்குப் பின் வந்த புத்திசாலி மென்பொருள்களும் செய்வது இந்தத் தூரிகை வேலைதான். பிரிட்ஜ் கேமராக்களில் தூரிகை இன்னும் அடக்கமாகவே நடக்கிறது: இரைச்சலைத் துடைப்பது, விளிம்பைக் கூராக்குவது. அதற்கே சிறகின் வரிகள் நீர்வண்ண ஓவியம்போல் ஒன்றோடொன்று பூசிக்கொள்கின்றன. கைபேசிகளில் அது துணிந்துவிட்டது. 2023இல் ஒருவர் நிலாப் படம் ஒன்றை வேண்டுமென்றே கலங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, 100 எக்ஸ் வரை பெரிதாக்கும் சாம்சங் கைபேசியால் தள்ளி நின்று படமெடுத்தார். திரையில் இல்லாத குழிகளும் மேடுகளும் கைபேசிப் படத்தில் தெளிவாக இருந்தன. நிலாவை அடையாளம் கண்டு நுணுக்கங்களைக் கூட்டும் ஏற்பாடு இருப்பதை நிறுவனமும் விளக்கி அறிக்கை வெளியிட்டது.

நிலா என்றால் பெரிய நட்டமில்லை. எல்லோருக்கும் தெரிந்த முகம். நீங்கள் எடுக்கப்போவது யாரும் இதுவரை அந்த ஏரியில் பார்த்திராத பறவையாக இருந்தால்?

ஏரி வட்டம்

இதுவரை கேட்டவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள்: கண்ணாடி யோக்கியன், கணக்கு புளுகன். கைதட்டிவிட்டுக் கலைந்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் கண்ணாடியையும் கூண்டில் ஏற்றி நாலு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

வெளிச்சம் ஒரு துளை வழியே புகும்போது அதன் விளிம்பில் சற்று விரிகிறது. பள்ளிப் புத்தகத்தில் விளிம்பு விளைவு என்று படித்திருப்பீர்கள். அதனால் எவ்வளவு சுத்தமான லென்ஸாலும் ஓர் ஒளிப்புள்ளியைப் புள்ளியாகவே சென்சாரில் வைக்க முடியாது. ஒரு சிறு வட்டமாகத்தான் வைக்கும். 1835இல் இதைக் கணக்கிட்டவர் ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலர். அதனால் அது ஏரி வட்டம். நம்மூர் ஏரிக்கும் அதற்கும் பெயரளவில்தான் உறவு.

வட்டத்தின் அளவு எஃப் எண்ணைப் பொறுத்தது. பி1000 முழுதாக நீளும்போது துளை எஃப்/8. பச்சை வெளிச்சத்துக்கு வட்டம் கிட்டத்தட்ட 10.7 மைக்ரான். சென்சாரில் ஒரு புள்ளியின் அகலம் 1.34 மைக்ரான். ஆக, ஓர் ஒளிப்புள்ளி எட்டுப் புள்ளி அகலத்துக்குக் கசிகிறது. அந்த முனையில் லென்ஸ் தரக்கூடிய விவரம் முழுவதையும் வாங்கிக்கொள்ள அறுபது லட்சம் புள்ளிகளே போதும் என்று கணக்கு சொல்கிறது. 1.6 கோடியில் மீதி ஒரு கோடி? கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தும் சோறு வராதவர்கள். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இதை வெற்று உருப்பெருக்கம் என்பார்கள்.

எனவே கண்ணாடி முடிந்து கணக்கு தொடங்கும் இடத்தில் ஒரு மதில் இருப்பதாக எண்ண வேண்டாம். ஆப்டிகல் ஜூமின் கடைசிப் பகுதியிலேயே ஒவ்வொரு எக்ஸும் கொண்டுவரும் புதுச் செய்தி குறைந்துகொண்டே வருகிறது. டிஜிட்டல் ஜூமில் அது அறவே நின்றுபோகிறது.

அப்படியானால் எதுதான் அளவுகோல்? இருநோக்கியின் அந்த இரண்டாவது எண், 42. கேமராவிலும் அதை நீங்களே கண்டுபிடிக்கலாம். லென்ஸ் வளையத்தில் உள்ள பெரிய குவியத் தூரத்தை, அந்த முனையின் எஃப் எண்ணால் வகுங்கள். கேனான் எஸ்எக்ஸ்50: 215 மி.மீ., எஃப்/6.5, வாசல் 33 மி.மீ. பானாசோனிக் எஃப்இசட்80: அதே 215, எஃப்/5.9, 36 மி.மீ. கேனான் எஸ்எக்ஸ்60: 247, எஃப்/6.5, 38. நிக்கான் பி900: 357, எஃப்/6.5, 55. பி1000: 539, எஃப்/8, 67.

இப்போது பட்டியலில் ஒரு வெளியூர்க்காரரைச் சேர்க்கிறேன். 2017இல் வந்த சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பு. 24 முதல் 600 வரை; வெறும் 25 எக்ஸ். கடையில் 83 எக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் ஏழையாகத் தெரியும், விலைச்சீட்டைப் பார்க்கும்வரை. அதன் வளையத்தில் 220 மி.மீ., எஃப்/4. வகுத்துப் பாருங்கள். 55. பி900இன் அதே 55! ஒரே மரத்தில் உட்கார்ந்த ஒரே கழுகிடமிருந்து இரண்டு கேமராக்களும் ஏறத்தாழ ஒரே அளவு வெளிச்சத்தை வாங்குகின்றன. சோனி அதைத் தன் பெரிய சென்சாரின் பருத்த புள்ளிகளில் நெருக்கமாகப் போட்டுக்கொள்கிறது. நிக்கான் நிறையச் சின்னப் புள்ளிகளில் பரப்புகிறது. நிக்கானில் பறவை மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும், நுணுக்கமும் கூடுதலாகவே வரும். ஆனால் மூன்று மடங்கு நுணுக்கம் வராது. சோனியின் படத்தை வீட்டில் வெட்டிப் பெரிதாக்கினால் இடைவெளி எக்ஸ் எண்கள் மிரட்டுகிற அளவுக்கு இல்லை என்பது புரியும்.

உள்ளானின் கால்

67 மி.மீ. வாசலால் நிஜத்தில் எதைப் பார்க்கலாம்? அந்த அகலத்துக்கு இயற்கை விதித்த எல்லை இரண்டு விகலை (ஆர்க் செகண்ட்) அளவு. அதை மில்லிமீட்டராக்கினால்: நூறு மீட்டர் தொலைவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காணலாம். ஒரு கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர். எல்லாம் கூடி வந்தால், இவ்வளவு.

பனிக்காலத்தில் சேற்றுத் திட்டுகளில் கொசு உள்ளான்கள் ஓடித் திரியும். அவற்றுக்குக் கறுத்த கால். அவற்றின் நெருங்கிய உறவான டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சளோ பச்சையோ சாய்ந்த கால். தூரத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்தக் கால் பெரிய துணை. காலின் தடிமனோ ஓரிரு மில்லிமீட்டர். நூறு மீட்டரில் பி1000க்கு வாய்ப்பு உண்டு. முந்நூறு மீட்டரில் கால் என்ற கோடு தெரியலாம். அதன் நிறம் பின்னாலுள்ள சேற்றோடு கலந்துதான் வரும். அங்கே 500 எக்ஸ் போட்டால் கலந்த நிறமே நான்கு மடங்கு பெரிதாகும். கால் மஞ்சளாகாது.

நிலாவுக்கும் இதே கணக்குதான். இரண்டு விகலை அங்கே நான்கு கிலோமீட்டர் அளவு. 85 கிலோமீட்டர் அகலமுள்ள டைக்கோ குழி அழகாக விழும். 3000 மி.மீ.இல் முழுநிலா சட்டத்தின் உயரத்துக்குள் அடங்காமல் சற்றே பிதுங்கும். அந்தப் படத்தைப் பார்த்த எவரும் கேமராவை வாங்காமல் கடையைவிட்டு வெளியேறுவது கடினம். ஆனால் அப்போலோ வீரர்கள் விட்டுவந்த கலம் தெரியுமா என்று யாராவது கேட்டால், அது சில மீட்டர் அகலம்தான், ஆயிரம் மடங்கு பாக்கி என்று சொல்லுங்கள்.

ஜூமால் ஒருபோதும் முடியாத ஒன்றும் உண்டு. மறைந்ததைக் காட்ட முடியாது. பி900 வந்த பிறகு பூமி தட்டை என்று வாதிடுவோர் அதை விரும்பி வாங்கினார்கள். கண்ணுக்கு மறைந்த கப்பலை ஜூம் செய்து திரும்பக் கொண்டுவந்தோம் என்று காணொளி போட்டார்கள். கப்பல் சிறுத்து மறைவது வேறு, தொடுவானத்துக்குக் கீழே இறங்கி மறைவது வேறு. கடற்கரையில் நிற்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் ஐந்து கிலோமீட்டரில். சிறுத்ததை ஜூம் மீட்கும். அடித்தட்டு தண்ணீருக்குப் பின்னால் இறங்கிவிட்டால் 125 எக்ஸுக்கும் மேல்தட்டுதான் பெரிதாகத் தெரியும்.

இத்தனைக்கும் நடுவில் காற்று இருக்கிறது. பத்து மணிக்கு மேல் உப்பளத்தையோ தார்ச்சாலையையோ தாண்டி எதையாவது எடுத்திருக்கிறீர்களா? கானல் அலைகிறது, பூநாரையின் கால் பாம்பாக நெளிகிறது. அந்த நேரத்தில் லென்ஸின் எல்லையைப் பற்றிப் பேசுவதே வீண். காற்றின் எல்லை அதற்கு வெகு முன்பே வந்துவிடும். கானலையும் ஜூம் பெரிதாக்கும் என்பதுதான் மிச்சம். விடியற்காலையில் போய் நூறு மீட்டர் கிட்டே நின்று எடுப்பதற்கு ஈடான எக்ஸை எந்தப் பெட்டியிலும் அச்சிட முடியாது.

கையும் நடுங்குகிறது. 3000 மி.மீ.க்கு ஷட்டர் வேகம் நொடியில் 3000இல் ஒரு பங்காவது வேண்டும் என்பது பழைய விதி. பி1000இன் அதிர்வுத் தடுப்பு ஐந்து படி உதவும் என்பது நிறுவனத்தின் கணக்கு. விதியின்படி அது நொடியில் நூறில் ஒரு பங்கு வரை இறங்க இடம் தரும். நம் கைக்குத்தான் அந்தச் சலுகை. வாலாட்டிக்கொண்டே இருக்கும் குருவிக்கு அது பொருந்தாது. அதோடு, அகல முனையின் எஃப்/2.8இலிருந்து நீள்முனையின் எஃப்/8க்கு வருவதற்குள் உள்ளே விழும் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. சாயங்கால மரநிழலில் இது படத்தில் மணல்போல் தெரியும்.

கடைக்குப் போகும் முன்

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். பெட்டியிலுள்ள எக்ஸை மறந்துவிடுங்கள். நீள்முனை எத்தனை மில்லிமீட்டர், வாசல் எத்தனை மில்லிமீட்டர் என்று இரண்டு எண்களைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 500 என்ற எண்ணுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அந்த வெட்டலை வீட்டுக் கணினியில் இலவசமாகச் செய்யலாம். எந்த மூலையை வெட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கும்.

தூரத்து நீர்ப்பறவைகள், நிலா, நல்ல வெயில், முக்காலி தூக்கும் தெம்பு இவையெல்லாம் உண்டென்றால் பி1000 வகை. காட்டோரம், மங்கிய ஒளி, பறக்கும் பறவை என்றால் பெரிய சென்சாரும் குறைந்த எக்ஸும் உள்ள வகை. பயணத்துக்கும் வேண்டும், பறவைக்கும் வேண்டும், பையிலும் அடங்க வேண்டும் என்றால் 1200 மி.மீ. வகையே போதும்.

டிஜிட்டல் ஜூமுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. தொலைவில் உட்கார்ந்திருப்பது பறவையா பாலிதீன் பையா என்று களத்திலேயே பார்த்துக்கொள்ள உதவும். காணொளியில் சட்டகத்தைச் சற்று இறுக்க, நீலப் பட்டை வரை, உதவும். நினைவிருக்கட்டும்: 3000 மி.மீ.இல் காட்சியின் அகலம் ஒரு பாகைக்கும் குறைவு, முக்கால் பாகைகூட இல்லை. 12,000இல் நிலாவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். அதில் பறவையைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவது. தவறவிட்டால் ஒரு விரல் அழுத்தலில் காட்சியை அகலமாக்கும் பொத்தான் நிக்கானின் பி900, பி1000 இரண்டிலும் உண்டு. படமெடுக்கக் கற்பதற்கு முன் அதை அழுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். பழகும்வரை மெனுவில் டிஜிட்டல் ஜூமை அணைத்தே வையுங்கள். கண்ணாடி நிற்கும் இடத்தில் கையும் நிற்கப் பழக வேண்டும்.

ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வருகிறது. உங்களில் பலர் விடியற்காலையிலேயே கரையேறி நிற்பீர்கள். முந்நூறு மீட்டருக்கு அப்பால் சேற்றில் ஓர் உள்ளான் ஓடும். மஞ்சள் பட்டைவரை ஜூம் செய்வீர்கள். கால் மஞ்சளாக இருப்பதுபோலவும் இருக்கும், இல்லாததுபோலவும் இருக்கும். அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாயியின் படம் இன்றும் அங்கே மாட்டியிருக்கிறது. அவரைப் பார்த்தே இராத என் மகள், பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது கொள்ளுப்பாட்டிக்கு ஒரு மூக்குத்தி வைத்து வரைந்தாள். அத்தையும் இப்போது இல்லை. அது தூசி என்று சொல்ல வீட்டில் நான் ஒருவன்தான் மிச்சம்.

பதிவேட்டில் "உள்ளான், இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.